அப்பா தண்ணீரை ‘ஃபாலோ’ பண்ணிய கதை

நனைந்த பதிவேட்டுக்கென்று ஒரு வாசனை உண்டு. பைண்டிங் பசையும், நீல மையும், கட்டம் கட்டமாக அச்சடித்த தடித்த காகிதமும் ஒன்றாக ஊறி, அதன்மேல் அப்பாவின் சட்டை வியர்வையும் கொஞ்சம் ஏறி, அரிசி ஊறவைத்த பாத்திரத்தை மறந்துபோய் மறுநாள் திறந்தால் வருமே, ஏறத்தாழ அப்படி ஒரு வாசனை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் வீட்டு அடுப்படிக் கொடியில் என் பள்ளிக்கூடப் பாவாடைக்கும் அப்பாவின் துண்டுக்கும் நடுவில் அந்தப் பதிவேடும் குப்புறத் தொங்கிக் காய்ந்துகொண்டிருக்கும். வீட்டில் வேறு எதன்மேல் கைபட்டாலும் அம்மா ஒன்றும் சொல்லமாட்டாள். அதைத் தொட்டால் மட்டும் சுள்ளென்று ஓர் அடி விழும்.

அப்பாவுக்கு வேலை ஆற்றைப் பார்ப்பது. பள்ளிக்கூடத்தில் டீச்சர் கேட்டபோது, “எங்கப்பா ஆத்தப் பாக்காவ டீச்சர்” என்று எழுந்து நின்று சொல்லி, வகுப்பே சிரித்து, நான் அழுதுகொண்டே வீடு வந்து சேர்ந்தேன். சேரன்மகாதேவியில் தாமிரபரணிப் பாலத்துக்குச் சற்றுத் தள்ளி, தண்ணீருக்குள் கறுப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட ஓர் இரும்புக் கோல் நட்டிருந்தது. அந்தக் கோலில் தண்ணீர் எந்தக் கோடுவரை நிற்கிறது என்று காலையும் மாலையும் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும். மழைக்காலத்தில் ஆறு ஏறத் தொடங்கினால் மணிக்கு ஒருமுறை. மாதக் கடைசியில் பதிவேடு ஓர் அலுவலகத்துக்குப் போகும். எந்த அலுவலகம் என்பது இப்போது வேண்டாம், அவர்களும் பாவம். ஒன்பது வருஷமாகத் தினக்கூலிக்கு அந்த வேலையைப் பார்த்துவந்த அப்பாவுக்கு என்றைக்காவது நிரந்தரம் ஆகும் என்ற நம்பிக்கை மட்டும் வற்றவில்லை. மடியில் தட்டை வைத்துப் பீடி சுற்றிக்கொண்டே அம்மாவும் அந்த நம்பிக்கையைக் கூடச் சேர்த்துச் சுற்றிக்கொண்டிருந்தாள்.

நான் எட்டாம் வகுப்பு படித்த வருஷம், கார்த்திகையில் ஒருநாள் காலை ஒன்பது மணிக்கு ஆறு ஏறத் தொடங்கியது. பத்து மணிக்கு அப்பா கோலைப் பார்த்து எழுதினார். பதினோரு மணிக்குப் போனால், மேலே எந்தத் தோட்டத்தையோ வெள்ளம் வாரிக்கொண்டு வந்து, வேரோடு வாழைகளும் ஒரு முழு வேலிக்கருவை மரமும் கோலைச் சுற்றிச் சிக்கிக் கிடக்கின்றன. கோலில் ஒரு கோடுகூடத் தெரியவில்லை. வேறொருவர் என்றால் ஒரு குத்துமதிப்பாக எண்ணைப் போட்டுவிட்டுக் கடையில் டீ குடிக்கப் போயிருப்பார். அப்பா தண்ணீரின் ஓரமாகவே நடக்கத் தொடங்கினார். கரைப்பாதை முங்கிப்போன இடத்தில் வயலுக்குள் இறங்கி, வாழைத்தோப்புக்குள் தண்ணீர் திரும்பினால் தானும் திரும்பி, முழங்காலளவு சேற்றில் அது போன வழியெல்லாம் போய், கீழே இருந்த பிள்ளையார் படித்துறைக்கு வந்து சேர்ந்தார்.

அந்தப் படித்துறையின் எந்தப் படி முங்கினால் கோலில் எவ்வளவு இருக்கும் என்று ஒன்பது வருஷத்தில் அவருக்கு மனப்பாடம் ஆகியிருந்தது. மூன்று மணி நேரம் அங்கேயே நின்று, மணிக்கு ஒருமுறை, முங்காமல் தெரிந்த படிகளை எண்ணினார். பதிவேட்டில் அளவு எழுதும் கட்டத்தை வெறுமையாக விட்டுவிட்டு, ஓரத்தில் இருந்த ‘குறிப்பு’ கட்டத்தில் “படி 9 தெரியுது”, “படி 7”, “படி 4” என்று தமிழில் எழுதிவைத்தார். கோலைப் பார்க்காமல் கோலுக்கு உரிய கட்டத்தில் எண் போடுவது அவருக்குப் பொய். அந்த மனுஷனின் நேர்மைதான் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

அடுத்த மாதம் ஆங்கிலத்தில் தட்டச்சு செய்த ‘மெமோ’ ஒன்று வந்தது. அலுவலகத்துக்குப் புதிதாக வடக்கேயிருந்து ஓர் அதிகாரி வந்திருந்தார். அவருக்குத் தமிழ் ஒரு எழுத்தும் தெரியாது. அவர் கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் வெள்ளத்தன்று மூன்று வெற்றுக் கட்டங்கள். வீட்டில் ஆங்கிலம் ‘தெரிந்தவள்’ நான் ஒருத்திதான் என்பதால் என்னிடம் கொடுத்தார்கள். நான் எழுத்துக்கூட்டிப் படித்து, மிகுந்த கவலையோடு தீர்ப்புச் சொன்னேன்: “வெள்ளத்தன்னிக்கு நீங்க ‘வாட்ச்’ வச்சிருக்கத் தவறிட்டீங்கன்னு எழுதியிருக்காவப்பா.”

அப்பா இடது கையைத் தூக்கிக் காட்டினார். “இந்தா கெட்டியிருக்கேனே! கல்யாணத்துக்குப் போட்டது, ஒரு நாளாவது கழட்டியிருக்கேனா?”

எங்களிடம் இருந்த ஆங்கில அகராதி முதுகு பிய்ந்தது. கடைசிப் பக்கங்களைக் கரையான் தின்று, அது ‘டபிள்யூ’ என்ற எழுத்து வரும் முன்பே முடிந்துவிடும். ஆகவே ‘வாட்ச்’ என்றால் எங்களுக்குக் கைக்கடிகாரம் ஒன்றுதான். ஆனால் அடுத்த வரியில் ‘ஏழு நாள்’ என்பதும், ‘வேலையிலிருந்து நீக்கம்’ என்பதும் அகராதியில் தப்பிப் பிழைத்த எழுத்துகளில் இருந்தன. ஏழு நாளுக்குள் தக்க விளக்கம் தராவிட்டால் வேலை போய்விடும். அதைப் படித்ததும் அப்பா கடிகாரக் கையைப் பைய இறக்கிக்கொண்டார்.

தச்சநல்லூரில் அப்பாவுக்குத் தெரிந்த ஹெட் கிளார்க் அண்ணாச்சி ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டில் ஒரு தட்டச்சு இயந்திரத்தை வைத்துக்கொண்டு ஊருக்கெல்லாம் ஆங்கில மனு எழுதிக் கொடுப்பார். அப்பா மறுநாளே பஸ் ஏறிப் போய், ‘கீப் வாட்ச்’ என்றால் காவல் காப்பது என்ற விளக்கத்தையும், அண்ணாச்சி பென்சிலால் எழுதிக் கொடுத்த பதிலையும் வாங்கி வந்தார். “படிச்சுப் பாத்துக் கையெழுத்துப் போட்டுக் கொண்டாரும் வே, டைப் அடிச்சுத் தாரேன். மன்னிப்புக் கேட்டாச்சு, சோலி முடிஞ்சுது” என்றாராம்.

அப்பா கையெழுத்துப் போடப் பேனாவைத் திறந்துவிட்டார். அம்மாதான் பீடித்தட்டை இறக்கி வைத்துவிட்டு, “பொறுங்க. ஏட்டி, ஒவ்வொரு வார்த்தையா என்னன்னு சொல்லு” என்றாள். அம்மா படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆனால் பீடிக் கடையில் சரியில்லாததைக் கழிவு என்று ஒதுக்குகிறவர் ஒரு கட்டைத் தள்ளிவைத்தால், எந்தப் பீடி, எதனால் என்று கேட்காமல் அவள் நகர்ந்ததே கிடையாது. அதே கண்ணோடு அந்தக் கடிதத்தை உட்கார்ந்து பார்த்தாள்.

முதல் வரியில் “ஃபெயில்டு டு நோட்டீஸ்” என்று இருந்தது. “நோட்டீஸா? கோயில் கொடைக்கு ஒட்டுவாங்களே, அந்த நோட்டீஸா?” என்றாள் அம்மா. நான் அகராதியைப் புரட்டி, கண்ணில் படுவது என்று சொன்னேன். ஆகவே அந்த வரிக்கு, தண்ணீர் ஏறியது என் கண்ணிலேயே படவில்லை என்று பொருள் வந்தது. அம்மாவுக்கு வந்த கோபத்தை இன்றைக்கு நினைத்தாலும் எனக்குப் பயமாகத்தான் இருக்கிறது.

“மூணு மணி நேரம் சகதியில நின்னு காலெல்லாம் சேத்துப்புண்ணு. மஞ்சளும் எண்ணெயும் போட்டவ நான். கண்ணுல படலைன்னா எழுதுதாரு அந்த அண்ணாச்சி? பாத்தவரு பாக்கலைன்னு எழுதிக்குடுத்தா, நாளைக்கு அவங்க வேலைய விட்டு நிப்பாட்டுனாலும் நாம வாயத் தெறக்க முடியுமா?”

“அதுக்காவ ஆபீசரோட சண்டை போடச் சொல்லுதியா?” என்றார் அப்பா.

“சண்டை போட வேண்டாம். நீங்க செஞ்சத எழுதுங்க. செஞ்சது என்ன, அதச் சொல்லுங்க.”

கடைசி வரியில் அண்ணாச்சி, இனிமேல் ஆற்றின்மேல் “கீப் அன் ஐ” பண்ணுவேன் என்று உறுதி கொடுத்திருந்தார். அதற்கு நான் வார்த்தைக்கு வார்த்தை, “ஆத்து மேல ஒரு கண்ணு வைப்பேன்” என்று மொழிபெயர்த்தேன். அம்மா சட்டென்று என் வாயைப் பொத்தினாள். ஆற்றுக்குக் கண் வைப்பதாவது! வயலும் வாழையும் குடிக்கும் தண்ணீரும் அதில் கிடக்க, அரசாங்கத்துக்கே எழுதிக் கொடுத்துவிட்டுக் கண் வைத்தால் அந்த ஆறு உருப்படுமா? அந்த வரியையும் பென்சிலால் அடித்தாள். அன்றைக்குச் சாயங்காலம் எனக்கும் அப்பாவுக்கும் திருஷ்டி கழித்தாள். அந்தக் காகிதத்துக்கும் சேர்த்துத்தான்.

அதன்பிறகு நாலு நாள் எங்கள் வீட்டில் நடந்ததை எப்படிச் சொல்வேன்! அப்பா அன்றைக்குச் செய்த ஒவ்வொன்றையும் சொல்லுவார். அம்மா அதை, “அது பாத்தது இல்ல, கண்ணுல பட்டது”, “இது பாத்தது இல்ல, கவனிச்சது” என்று தனித்தனியாகப் பிரிப்பாள். நான் ஒவ்வொன்றுக்கும் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை தேடுவேன். கோலை மரம் மறைத்திருந்தது அப்பா தேடிப் போய்ப் பார்த்ததல்ல, போனதும் தெரிந்தது. அதனால் அம்மா விரட்டிய ‘நோட்டீஸ்’ அந்த இடத்துக்குத் திரும்பி வந்து உட்கார்ந்தது. மணிக்கொருதரம் படியை எண்ணியதற்கு ‘அப்சர்வ்’ என்று அகராதி சொன்னது. “ஐகிரவுண்டு ஆஸ்பத்திரியில எங்க சித்திய ‘அப்சர்வேசன்ல’ வச்சிருந்தாவளே, அதா? மணிக்கு மணி வந்து நாடி பிடிச்சு எழுதிட்டுப் போவாவ. அப்ப சரிதான்” என்று அம்மா அதை அனுமதித்தாள். குறிப்புக் கட்டத்தில் விடாமல் எழுதி வந்ததற்கு ‘கீப் ட்ராக்’ என்று வந்தது. ஓட்டப்பந்தய மைதானத்தில் கோடு தாண்டாமல் ஓடுவதுபோல் என்று நான் விளக்கினேன். அது தப்போ சரியோ, அம்மாவுக்குப் பிடித்திருந்தது.

சிக்கல் ஒரே இடத்தில்தான். தண்ணீரோடு தண்ணீராக, அது போன வழியிலேயே படித்துறைவரை நடந்தாரே, அதற்கு என்ன வார்த்தை? அகராதியில் எனக்குக் கிடைத்தது ‘ஃபாலோ’. அதை உரக்கச் சொன்னதும் அப்பாவின் முகம் சிவந்துபோனது. எங்கள் ஊரில் அப்போது அந்த வார்த்தைக்கு ஒரே அர்த்தம்தான். டியூஷன் விட்டுப் போகிற பெண்பிள்ளைகளின் பின்னால் சைக்கிளில் மெதுவாக மிதித்துக்கொண்டு வருகிற பயல்கள் செய்வதுதான் ‘ஃபாலோ’.

“ஏளா, நான் என்ன காலேஜ் பயலா, ஃபாலோ பண்ணுததுக்கு? ஆபீசுல சிரிப்பா சிரிப்பானுவ.”

“பின்னாலயே போனீங்களா, இல்லியா?” என்று கேட்டாள் அம்மா.

“போனேன்.”

“எதுக்குப் போனீங்க?”

“அது எங்கன போய் நிக்கின்னு தெரியாண்டாமா?”

“அந்தப் பயலுவளும் அதுக்குத்தான போறானுவ, வீடு எங்கன இருக்குன்னு பாக்க! வார்த்தை சரியாத்தான் இருக்கு. எழுதுட்டி” என்றாள் அம்மா. அப்பாவுக்கே சிரிப்பு வந்துவிட்டது. மெமோ வந்த நாளுக்குப் பிறகு அவர் சிரித்தது அப்போதுதான்.

ஆறாம் நாள் அம்மாவும் நானும் தச்சநல்லூர் போனோம். அண்ணாச்சி என் கையெழுத்தில் இருந்த நாலு வரிகளைப் படித்தார். பதினோரு மணிக்குக் கோல் மறைந்திருப்பதை நோட்டீஸ் செய்தேன்; தண்ணீரைப் படித்துறைவரை ஃபாலோ செய்தேன்; மணிக்கு ஒருமுறை படிகளை அப்சர்வ் செய்தேன்; குறிப்புக் கட்டத்தில் அதன் ஏற்றத்தைக் கீப் ட்ராக் செய்தேன். அவ்வளவுதான், மன்னிப்பு என்ற பேச்சே இல்லை. அண்ணாச்சி மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார்.

“தங்கச்சி, முப்பத்தஞ்சு வருசம் டிராப்ட் போட்டவன் நான். தண்ணிய ஃபாலோ பண்ணேன்னு எந்த வெள்ளைக்காரனும் எழுதமாட்டான். சின்னப்பிள்ளை எழுதினத நம்பி வேலைய விட்டுராதிய.”

அந்த வார்த்தையைத் தேடி எடுத்தவள் நான். அது தப்பாக இருந்தால் அப்பாவின் ஒன்பது வருஷமும் என்னால் போனதாக ஆகிவிடும். அம்மாவின் சேலையைப் பிடித்து இழுத்து, “மாத்திருவோம்மா” என்றேன். அம்மா என் கையை விலக்கவில்லை, ஆனால் அசையவும் இல்லை. “நீங்க எழுதினது நல்ல இங்கிலீசு அண்ணாச்சி, ஆனா நடக்காதது. இது மோசமான இங்கிலீசா இருந்தாலும் நடந்தது. தப்பா இருந்தா எங்க தலையோட போகட்டும், நீங்க அடிங்க” என்றாள். அண்ணாச்சி கடைசியில் முணுமுணுத்துக்கொண்டே அடித்தார். ‘ஃபாலோ’ வந்த இடத்தில் சாவிகளை வேண்டுமென்றே ஓங்கி அடித்ததாக எனக்கு நினைவு.

பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுப் பத்து நாளுக்கு மேல் காத்திருந்தோம். அந்த நாட்களில் நான் சரியாகச் சாப்பிட்டதாக நினைவில்லை. ஒரு சனிக்கிழமை காலை, பாலத்தடியில் ஜீப் ஒன்று வந்து நிற்பதாக யாரோ சொல்ல, அப்பா துண்டை உதறிக்கொண்டு ஓடினார்; அம்மாவும் நானும் பின்னாலேயே ஓடினோம். உயரமாக, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு அந்த அதிகாரி நின்றிருந்தார். அவர் கையில் எங்கள் கடிதம். அதில் ஒரு வார்த்தையின்மேல் விரலை வைத்து அப்பாவிடம் என்னவோ கேட்டார். ஜீப் ஓட்டிவந்தவர் பாளையங்கோட்டைக்காரர், அவர்தான் தமிழ்ப்படுத்தினார்: “ஐயா கேக்காவ, தண்ணிய எதுக்குவே ஃபாலோ பண்ணீரு?”

அப்பா “வரச் சொல்லும்” என்று மட்டும் சொல்லிவிட்டு நடந்தார். கரையோரமாக, வயலுக்குள், வாழைத்தோப்புக்குள், அன்று தண்ணீர் போன அதே வளைவுகளில் அவர் போக, பளபளக்கும் பூட்ஸோடு அதிகாரி அவரை ஃபாலோ பண்ணினார். படித்துறைக்கு வந்ததும் அப்பா மேலிருந்து படிகளை எண்ணினார். அன்றைக்குப் பதினான்கு தெரிந்தது. கண்ணை மூடி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, “இப்பம் கோல்ல ஒண்ணு புள்ளி எட்டு இருக்கும், பாத்துட்டு வரச் சொல்லும்” என்றார்.

அதிகாரி டிரைவரை அனுப்பினார். அவர் போய்த் திரும்ப எவ்வளவு நேரம் ஆகியிருக்கும்? எனக்கு அது ஓர் அரையாண்டுப் பரீட்சை அளவு நீண்டது. அம்மா முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு, உதட்டைக் கடித்தபடி, வாழைகளுக்கு நடுவே அவர் வரும் வழியையே பார்த்துக்கொண்டு நின்றாள். தோப்பின் அந்தப்பக்கத்திலிருந்தே டிரைவரின் குரல் வந்தது: “ஒண்ணு எட்டு! கோடு பிசகாம ஒண்ணு எட்டு ஐயா!”

அதிகாரி சிரித்தார். பெரிய சிரிப்பு. கடிதத்தின் பின்பக்கத்தில் அங்கேயே, தாளை முழங்காலில் வைத்து, என்னவோ எழுதிக் கையெழுத்திட்டார்; மெமோ ரத்து என்று டிரைவர் சொன்னார். பிறகு அதை எழுதியது யார் என்று கேட்டார். அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைக் காட்டினேன். அதிகாரி படியேறி அம்மாவின் முன்னால் வந்து நின்று, தலையைச் சற்றுத் தாழ்த்தி, “வெரி குட் இங்கிலீஷ்” என்றார். ஆங்கிலத்தில் தன் பெயரைக்கூட எழுதத் தெரியாத அம்மா, வேறு யாரையோ சொன்னதுபோல் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அன்றைக்கு எனக்கு வந்த பெருமிதத்தை அதன்பின் நான் வாங்கிய எந்தப் பட்டமும் தரவில்லை.

அடுத்த மாதம் பெயிண்ட் டப்பாவோடு இரண்டு பேர் வந்து, படித்துறையின் ஒவ்வொரு படியிலும் வெள்ளை எண் எழுதினார்கள். அப்பாவின் மனக்கணக்கு அரசாங்கக் கணக்கானது. மூன்றாம் வருஷம் வேலையும் நிரந்தரமானது. தச்சநல்லூர் அண்ணாச்சி கடைசிவரை, “நான் அடிச்சுக் குடுத்த லெட்டர்ல்லா அது!” என்று சொல்லிக்கொண்டிருந்தார். அதில் பொய் ஒன்றுமில்லையே, அடித்தது அவர்தானே.

இப்போது அந்தக் கோல் இல்லை. பாலத்திலிருந்து தண்ணீரை நோக்கித் தொங்கும் ஒரு கருவி தானே அளந்து தானே செய்தி அனுப்பிவிடுகிறது. பதிவேடு இல்லை, அதன் வாசனை இல்லை, ‘குறிப்பு’ என்ற அந்த ஓரக் கட்டமும் இல்லை. படித்துறையில் கீழ்ப்படிகளின் எண்கள் போய்விட்டன. மேலே நாலைந்து மட்டும் மங்கலாகத் தெரிகின்றன. ஓய்வு பெற்ற அப்பா இன்றும் காலையில் போய்ப் படிகளை எண்ணிவந்து, அம்மா கேட்காவிட்டாலும் அவளிடம் சொல்லுகிறார். அந்த வார்த்தைகளும் வேறு வேலைக்குப் போய்விட்டன. வாங்கிய சேலை எங்கே வருகிறது என்று அம்மா போனில் ‘ட்ராக்’ பார்க்கிறாள். சமையல் சொல்லுகிற மதுரைப் பெண் ஒருத்தியை ‘ஃபாலோ’ பண்ணுகிறாள், யாரும் தப்பாக நினைப்பதில்லை.

நான் திருநெல்வேலியில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் கற்றுக்கொடுக்கிறேன். போன பருவத்தேர்வில் சரியான சொல்லைத் தேர்ந்தெடுக்கும் கேள்வி ஒன்று வந்தது. ‘மழைக்காலம் முழுவதும் அவர் தண்ணீரை’ என்று எழுதிக் கோடு விட்டு, நாலு சொற்கள் கொடுத்திருந்தார்கள். மேலேயிருந்து வந்த விடைக்குறிப்பில் ‘வாட்ச்’ சரி என்றிருந்தது. எங்கள் வீட்டு அகராதியில் கரையான் தின்ற அதே வார்த்தை. தாமிரபரணி கடலில் சேரும் புன்னக்காயலிலிருந்து வரும் மாணவி ஒருத்தி மட்டும் ‘ஃபாலோ’ என்று எழுதியிருந்தாள். கூப்பிட்டுக் கேட்டேன். “எங்கப்பா அப்படித்தான் மேடம். ஆத்துத் தண்ணி கடல்ல எந்தப் பக்கம் இழுக்கோ, வள்ளத்த அது பின்னாலயேதான் விடுவாங்க, அங்கதான் மீன் நிக்கும்” என்றாள்.

அந்த வாரம் தாள்களை வீட்டில் வைத்துத் திருத்திக்கொண்டிருந்தபோது அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். அந்தத் தாளைக் காட்டி, “இந்தப் பிள்ளை தண்ணிய ‘ஃபாலோ’ பண்ணாங்கன்னு எழுதியிருக்காம்மா. தப்புன்னு போடச் சொல்லியிருக்காங்க” என்றேன்.

அம்மா கண்ணாடியை மாட்டிக்கொண்டு, தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வார்த்தையை உற்றுப் பார்த்தாள். “யாரு சொன்னா தப்புன்னு? மார்க்கப் போடுட்டி” என்றாள்.

போட்டேன்.